லினக்ஸ் மின்ட் இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லையா?

வட்டுத்தேடி:
விண்டோஸ் லாப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடப் பார்ப்பீர்கள். பென்டிரைவிலிருந்து மின்ட் ஜோராக பூட் ஆகும். வைஃபை, சவுண்டு எல்லாம் சரி. டிஸ்க் தேர்வு செய்யும் பக்கம் வந்தால் பட்டியலில் பென்டிரைவ் மட்டும் நிற்கும், எஸ்எஸ்டி காணோம். டிஸ்க் போய்விட்டது என்று பயந்து இங்கேயே கைவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பயாஸில் (இயங்குதளத்துக்கு முன் எழும் அமைப்புத் திரை) ஸ்டோரேஜ் இன்டெல்லின் ஆர்எஸ்டி (RST) முறையில் இருக்கும், அவ்வளவுதான். ஏஹெச்சிஐ (AHCI) என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் எடுத்த எடுப்பில் மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் விழும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) கருவியைத் திறந்து சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நேரே பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ. சேஃப் மோடில் ஒருமுறை எழுந்தால் டிரைவரை அதுவே பிடித்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம்.

நீலத்திரை:
டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரை விட்டுவிட்டீர்களே! பயாஸில் கை வைத்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். முன்பே தாளில் எழுதி வையுங்கள், அதே லாப்டாப்பில் சேமித்துப் பயனில்லை. சேஃப் மோடில் சில சமயம் பின் நம்பர் எடுபடாது, முழு பாஸ்வேர்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கர்னல்கொத்தன்:
புதியவருக்கு மின்ட்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மின்ட் 22 உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் மேல் நிற்பது, வந்தபோது கர்னல் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) 6.8. அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த வைஃபை சிப்பை அது எப்படி அறியும்? புது லாப்டாப்புக்கு ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸைப் போடுங்கள். ஆறு மாதத்துக்கொரு பதிப்பு வரும். ஒரு பதிப்புக்கு ஆதரவு சுமார் 13 மாதம்தான், அப்கிரேடைத் தள்ளிப்போட முடியாது.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டும் செக்யூர் பூட்டும் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) சேர்ந்திருந்தால் மின்ட்டிலும் ஒரு பொறி உண்டு. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலப் பின்னணியில் ஒரு திரை, ஏதாவது விசையைத் தட்ட 10 விநாடி அவகாசம். என்னவோ ஏதோ என்று பார்த்துக்கொண்டே இருந்தால் அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும், டிரைவர் ஏறாது. அந்தத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' (Enroll MOK) தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

எழுத்துருப்பித்தன்:
எந்த லினக்ஸ் என்ற டிஸ்ட்ரோ சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் மென்பொருளை மாற்றுங்கள். விண்டோஸில் இருக்கும்போதே ஒரு மாதம் லிப்ரேஆபிஸில் (எம்எஸ் ஆபிஸுக்கு மாற்றான இலவச மென்பொருள்) மட்டும் வேலை செய்து பார்த்தால் எங்கே அடிபடும் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மேக்ரோ உள்ள எக்செல் கோப்பில்தான். வேர்டு கோப்பில் பக்கங்கள் நகர்ந்தால் குற்றவாளி எழுத்துரு. காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியா நிறுவுங்கள்; எழுத்தின் அகலம் ஒன்றே என்பதால் வரி உடையாது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தால் கோப்பு கெடவில்லை. விண்டோஸை அழிக்கும் முன் அந்த எழுத்துருக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வைத்து, லினக்ஸில் அதை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். லிப்ரேஆபிஸ் திறந்திருந்தால் மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் பாமினி வராது.