பட்டுநூல் வளையலுக்கு ஓர் அளவு கூட்ட வேண்டுமா?

கேள்வி:
2.6 அளவுக் கண்ணாடி வளையல் அணிபவருக்கு அதே அளவு பிளாஸ்டிக் வளையத்தில் பட்டுநூல் சுற்றிக் கொடுத்தால், அது விரல்முட்டியைத் தாண்ட மறுக்கிறது. அடுத்த அளவை எடுக்கலாமா? கையை எப்படி அளப்பது?

பதில் 1:
எடுக்கலாம். நூல் உட்புறத்திலும் சுற்றப்படுவதால் உள்விட்டம் குறைந்துவிடுகிறது. 2.6 என்பது தசம எண் அன்று. 2 அங்குலமும் பதினாறில் 6 பங்கும் சேர்ந்த, ஏறத்தாழ 60.3 மி.மீ. விட்டத்தையே அது குறிக்கிறது. 2.8 என்றால் 63.5 மி.மீ. இந்த 3 மி.மீ. இடைவெளியை நூலின் கனம் எளிதில் விழுங்கிவிடும்.

பதில் 2:
மணிக்கட்டை அளப்பதில் பயனில்லை. வளையல் போடும்போது செய்வதுபோலக் கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கி, கை மிக அகலமாக இருக்கும் இடத்தில் தையல் டேப்பைச் சுற்றுங்கள். சுமார் 18 செ.மீ. வந்தால் 2.4, 19 வந்தால் 2.6, 20 வந்தால் 2.8.

பதில் 3:
கண்ணாடி வளையலைச் சோப்பு நுரை தடவியாவது ஏற்றிவிடலாம், நூல் வளையலை நனைக்க முடியாது என்பதால் சற்றுத் தளர்வாக இருப்பதே நல்லது. நூல்முனையை உட்புறத்தில் ஒட்டினால் பசை மேடாகக் காய்ந்து தோலை உரசும். முனையை வெளிப்புறத்தில் ஒட்டி, அதன்மேல் குந்தன் கல்லைப் பதித்து மறைத்துவிடுங்கள்.