குண்டு உப்பலவாடில அம்மா தனியா இருக்காங்க, எப்ப வீட்ட விட்டு கிளம்பணும்னு எதை வெச்சு முடிவு பண்றது?

உப்பலவாடி பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருப்பூர்ல வேலைல இருக்கேன், அம்மா மட்டும் கடலூர்ல குண்டு உப்பலவாடில இருக்காங்க, தென்பெண்ணை ஆறு ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம், இடம் தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. தரை வீடு, மாடி கிடையாது, நாலு ஆடு வெச்சிருக்காங்க.

2024ல ஃபெங்கல் வந்தப்ப புயல் நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி கிட்ட கரைய கடந்துச்சு. ஞாயித்துக்கிழமை காத்து அடங்கினதும் எங்க தெருவுல எல்லாரும் அவ்ளோதான் தப்பிச்சோம்னு வீட்ட கூட்டி கழுவி அடுப்ப பத்த வெச்சிட்டாங்க, அம்மாவும் போன்ல நான் நல்லா இருக்கேன்டி நீ வேலைய பாருன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் தான் ஆத்துல தண்ணி வந்துச்சு. கட்டில் முழுகி, கட்டில் மேல ஸ்டூல போட்டு உக்காந்திருந்தாங்க, தெரு பசங்க தான் படகுல வந்து தூக்கிட்டு போனாங்க. அந்த பசங்கள நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒரு ஆடு போச்சு, அரிசி துணி எல்லாம் சேறு.

இப்ப தீபாவளி முடிஞ்சு மழை புடிச்சிருக்கு, எனக்கு தூக்கம் வரல. அம்மா முகாமுக்கு வரவே மாட்டேங்கறாங்க, ஆடு யார் பாப்பா, வீட்ல திருடு போயிடும், பாத்ரூம் வசதி இருக்காதுன்னு ஒவ்வொண்ணா சொல்றாங்க. ஒவ்வொரு தடவ மஞ்சள் அலர்ட் வரும்போதும் கிளம்புன்னு சொன்னா அவங்களும் கேக்க மாட்டாங்க, நியாயமும் இல்ல. எந்த அறிகுறிய பாத்து "இப்ப கிளம்பியே ஆகணும்"னு முடிவு பண்றது? ஆட்டுக்கு என்ன வழி? வீட்ல எதை முன்கூட்டியே ஏத்தி வெக்கணும்? அங்கயே இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கடலூர் ஓ.டி. காரன்:

தங்கச்சி, மொதல்ல அம்மாகிட்ட ஒண்ணு புரிய வைங்க, காத்து நின்னா புயல் முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. எங்களுக்கு கடல் தொழில், துறைமுகத்துல புயல் எச்சரிக்கை கூண்டு ஏத்துனதும் ஃபைபர் படக டிராக்டர் வெச்சு மேட்டுக்கு இழுத்துருவோம், இன்ஜின கழட்டி வூட்டுக்கு கொண்டாந்துருவோம், வலைய தூக்கி வலை பின்ற கூடத்துல போட்டுருவோம், அதெல்லாம் பழகிப்போச்சு. 2011 டிசம்பர் 30 விடியக்காலைல தானே புயல் வந்தப்ப காத்துலயே அடிச்சு நொறுக்கிடுச்சு, பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, ஊரு முழுக்க கரண்ட் கம்பம் முறிஞ்சுது. அது மாதிரி காத்து புயல்னா நல்ல கான்கிரீட் வீட்டுக்குள்ள கதவ சாத்திக்கினு இருக்கறது தான் பாதுகாப்பு. ஃபெங்கல் தண்ணி புயல். தண்ணி புயல்னா வீட்ல இருக்கறது தான் ஆபத்து. உங்க அம்மா தானேய மனசுல வெச்சுக்கினு ஃபெங்கல்ல உக்காந்திருப்பாங்க, எங்க வூட்லயும் பெரியவங்க அப்படித்தான் சொன்னாங்க, தானேவுலயே ஒண்ணும் ஆகலன்னு.

இன்னொன்னு, காலண்டர்ல அமாவாசை பௌர்ணமி பாத்து வெச்சுக்கங்க. ஃபெங்கல் கடந்தது கார்த்திகை அமாவாசைல. அப்ப கடல் மட்டம் எப்பவும் விட ஏறும், வாடை காத்து அலைய கரைக்கு தள்ளிக்கினே இருக்கும், கடல் ஆத்து தண்ணிய வாங்காது. ஆத்துல எவ்ளோ வந்தாலும் தாழங்குடா முகத்துவாரத்துல போய் முட்டி நின்னு அப்படியே பின்னாடி ஏறும், வாய்க்கால் வழியா தெருவுக்குள்ள வரும். தெரு முனை வாய்க்கால்ல தண்ணி கடல் பக்கம் ஓடாம நிக்குது, இல்ல மேற்க பாத்து திரும்புதுன்னா அதுக்கப்புறம் யாரையும் கேக்க வேணாம், கிளம்பிடணும். இது அம்மாவே வாசல்ல நின்னு பாத்துக்கலாம், போன் டவர் இல்லன்னாலும்.

பாகூர் வாத்தியார்:

மேல அண்ணன் சொன்னது கடல் பக்கத்து கணக்கு, நான் ஆத்து பக்கத்து கணக்க சொல்றேன், ஏன்னா 2024ல நம்மள மூழ்கடிச்ச தண்ணில பெரும்பங்கு நம்ம ஊர்ல பெஞ்ச மழை கிடையாது. புதுச்சேரில டிசம்பர் 1 காலை வரைக்கும் ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் பெஞ்சுது, மயிலத்துல 51, அது தனி. ஆனா புயல் கரைய கடந்தும் கலையாம மெதுவா மேற்க நகந்து உள் மாவட்டங்கள்ல கொட்டிச்சு, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைல 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரைல பெய்யறது பாம்பாறு வழியா தென்பெண்ணைல கலந்து திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்கற சாத்தனூர் அணைக்கு வரும். அணை ஏற்கனவே நெறஞ்சு கிடந்தா வர்றத அப்படியே விட்டாகணும், வேற வழி இல்ல. டிசம்பர் 2 விடியறதுக்கு முன்னாடி சாத்தனூர்ல நொடிக்கு 1,68,000 கன அடி வரைக்கும் திறந்தாங்க. சாத்தனூரோட மொத்த கொள்ளளவே சுமார் 7.3 டிஎம்சி (730 கோடி கன அடி) தான், அந்த வேகத்துல விட்டா நிரம்பின அணை பன்னெண்டு மணி நேரத்துல காலி, அவ்ளோ தண்ணி. அது திருக்கோவிலூர் விழுப்புரம் தாண்டி நம்ம கிட்ட வந்து கடல்ல சேரணும், கடலோ வாங்கல.

அதனால தங்கச்சி, நீங்க திருப்பூர்ல உக்காந்துகிட்டே பாக்க வேண்டியது சாத்தனூர் அணை. மொத்த உயரம் 119 அடி. நவம்பர்ல மட்டம் அதுக்கு கிட்ட வந்துடுச்சுன்னா, கூடவே கிருஷ்ணகிரி திருவண்ணாமலைக்கு ரெட் அலர்ட்னா, கடலூர்ல வெயில் அடிச்சாலும் அம்மாவ அன்னிக்கே கிளப்புங்க. அஞ்சாயிரம் பத்தாயிரம் கன அடிக்கு எல்லாம் பதற வேணாம், ஆத்துக்குள்ளயே போயிடும். 50,000த்த தாண்டி ஏறிக்கிட்டே இருக்குன்னா பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிடணும், லட்சத்துக்காக காத்திருக்க கூடாது, இது என் கணக்கு, நான் என் குடும்பத்துக்கு இதைத்தான் வெச்சிருக்கேன். அங்க திறந்தது இங்க வர்றதுக்கு ஒரு முழு நாள் இருக்குன்னு நெனைக்காதீங்க, அதுக்கும் கம்மின்னே வெச்சுக்கங்க. அணைக்கு கீழ பெய்யற மழையும் சேரும். திருக்கோவிலூர்ல என் தங்கச்சி வீடு இருக்கு, அவ பாலத்து மேல நின்னு ஆத்த போட்டோ எடுத்து அனுப்புவா, எந்த செய்தியும் விட எனக்கு அது பெரிய உதவி. உங்களுக்கும் ஆத்தோரம் மேல் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருந்தா இப்பவே பேசி வைங்க. டிஎன் அலர்ட் ஆப்பும் போட்டு வைங்க, மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077, வெளியூர்ல இருந்து கூப்பிடறதுன்னா முன்னாடி 04142 சேக்கணும்.

2021 நவம்பர்லயும் இதே தென்பெண்ணைல பெரிய வெள்ளம் வந்துச்சு, அதை மறந்துட்டோம்.

தாழங்குடா மருமக:

எல்லாரும் கிளம்புங்க கிளம்புங்கன்னு சொல்றீங்க, எனக்கு கோவம் வரல ஆனா ஒண்ணு சொல்லணும். நிவர் புயலுக்கு 2020ல எங்கள ஸ்கூல்ல கொண்டு போய் வெச்சாங்க, புயல் மரக்காணம் பக்கம் போயிடுச்சு, எங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகல, அதுக்கப்புறம் எங்க மாமியார் எதுக்கும் அசையறதில்ல. கடலுக்கு போகாத நாள்ல கையில காசு இருக்காது, ஒவ்வொரு அலர்ட்டுக்கும் வீட்ட பூட்டிட்டு போனா பொழப்பு என்னாகறது. முகாம்ல ஒரு பாத்ரூமுக்கு எத்தன பொம்பளைங்க நிப்பாங்க தெரியுமா, மாதவிலக்கு நாள்ல, வயசுக்கு வந்த பொண்ண வெச்சுக்கிட்டு, யாருக்கு மனசு வரும். உங்க அம்மா சொல்றது சாக்கு இல்லம்மா, அது உண்மையான கஷ்டம், அத மொதல்ல ஒத்துக்கிட்டு பேசுங்க.

நான் என்ன பண்ணேன்னா மாமியார்கிட்ட முகாம்ங்கற வார்த்தையே எடுக்கல. மாடி வீட்டு சொந்தக்காரங்க கிட்ட புரட்டாசியிலயே பேசிட்டேன், மழைக்கு வருவோம் ரெண்டு நாள் மூணு நாள் இருப்போம், அரிசி பருப்பு நாங்க கொண்டாறோம்னு. கௌரவமா போய் கௌரவமா வரலாம்னு தெரிஞ்சதும் அவங்களே பையெடுத்து வெக்கிறாங்க. பையில ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், மீனவர் அடையாள அட்டை, எல்லாம் ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு. ரேஷன் கார்டு முக்கியம், ஃபெங்கலுக்கு கடலூர் மாவட்டத்துல கார்டுக்கு 2,000, ஆத்துக்கு அந்த பக்கம் புதுச்சேரில 5,000 குடுத்தாங்க, எல்லாம் கார்டு வெச்சு தான்.

வில்லியனூர் வயர்மேன்:

கரண்ட் பத்தி மட்டும் சொல்லிட்டு போறேன், ஏன்னா வெள்ளத்துல செத்தவங்கள விட வெள்ளம் வடிஞ்சப்புறம் ஸ்விட்ச தொட்டு செத்தவங்கள பாத்து மனசு உடைஞ்சு போச்சு. கிளம்பும்போது மெயின ஆஃப் பண்ணுங்க, வாசல்ல தண்ணி ஏறினப்புறம் மெயின் கிட்டயே போகாதீங்க. இன்வெர்ட்டர் இருந்தா அதையும் தனியா ஆஃப் பண்ணணும், மெயின் போனாலும் இன்வெர்ட்டர் லைன்ல கரண்ட் இருக்கும், நெறைய பேர் இத மறந்துடறாங்க. ஃப்ரிட்ஜ முடிஞ்சா மேடை மேல ஏத்துங்க, கேஸ் சிலிண்டர ரெகுலேட்டர் கழட்டி மூடி போட்டு ஜன்னல் கம்பில கட்டிடுங்க, இல்லன்னா மெதந்து போயிடும். திரும்பி வந்ததும் ஆர்வத்துல ஃபேன போட்டு பாக்கறது, மோட்டார போட்டு பாக்கறது எல்லாம் வேணவே வேணாம், ஸ்விட்ச் பாக்ஸ்ல சேறு இருக்கும், காயணும், ஒரு ஆள் வந்து பாத்தப்புறம் தான். வண்டி மூழ்கி இருந்தா ஸ்டார்ட் பண்ணாதீங்க, தள்ளிட்டு போய் மெக்கானிக் கிட்ட விடுங்க. கம்பி அறுந்து கிடந்தா மின்னகம் 94987 94987.

ஸ்டாஃப் நர்ஸ் அக்கா:

அம்மாவுக்கு சுகர் பிரஷர் மாத்திரை இருந்தா ஒரு மாசத்துக்கு வாங்கி அந்த பையிலயே வைங்க, முகாம்ல நாங்க பாத்த வயசானவங்கள்ல பாதி பேர் மாத்திரைய வீட்லயே விட்டுட்டு வந்தவங்க தான். வெள்ளத் தண்ணில வெறுங்கால்ல நடந்து கால்ல வெட்டு சிராய்ப்பு இருந்தா சோப்பு போட்டு கழுவி டிடி ஊசி போட வாங்க. தண்ணி வடிஞ்சு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு செவப்பா இருந்துச்சுன்னா சாதா காய்ச்சல்னு பாராசிட்டமால் போட்டுக்கிட்டு உக்காராதீங்க, எலிக்காய்ச்சலா இருக்கலாம், வெள்ளத் தண்ணில நின்னேன்னு டாக்டர் கிட்ட மறக்காம சொல்லுங்க. தடுக்கறதுக்கு மாத்திரை இருக்கு, ஆனா டாக்டர் கேட்டு தான், கர்ப்பிணிக்கும் சின்ன பசங்களுக்கும் அது ஆகாது. தண்ணி நல்லா கொதிக்க வெச்சு குடிங்க, கெணறு போர் முழுகி இருந்தா எறைச்சு குளோரின் போடற வரைக்கும் பாத்திரம் கழுவக்கூட வேணாம். துணி மூட்டை, விறகு, பீரோ அடி எல்லாத்தையும் குச்சியால தட்டி பாத்துட்டு கைய விடுங்க, பாம்பும் நம்மள மாதிரி மேடு தேடி தான் வரும்.

உப்பலவாடி பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு அழுதுட்டேன். தாழங்குடா அக்கா சொன்ன மாதிரியே இன்னிக்கு பேசினேன், முகாம் பேச்சே எடுக்கல. திருப்பாதிரிப்புலியூர்ல சித்தி வீடு முதல் மாடி, சித்தியும் அம்மாகிட்ட தனியா போன் பண்ணி வாக்கான்னு கூப்பிட்டாங்க, பாக்கலாம்ங்கற அளவுக்கு எறங்கி வந்திருக்காங்க. சாத்தனூர் மட்டம் தினமும் காலைல பாக்க ஆரம்பிச்சுட்டேன். ஆடு தான் பிரச்சினை, சித்தி வீட்ல இடம் இல்ல, அதுங்கள விட்டுட்டு அம்மா வரவே மாட்டாங்க.

கடலூர் ஓ.டி. காரன்:

ஆட்ட கடைசி நேரத்துல ஏத்தறது முடியாத காரியம் தங்கச்சி, மழைல குட்டியானை வண்டி கிடைக்காது, கெடச்சாலும் வாடகை மூணு மடங்கு கேப்பான். ஐப்பசி கடைசிலேந்து மார்கழி பாதி வரைக்கும் ஆட்ட மட்டும் கேப்பர் மலை பக்கம் தெரிஞ்சவங்க பட்டில விட்டுருங்க, அது மேடு, ஆத்து தண்ணி ஏறாது. தீவனத்துக்கு காசு குடுத்தா வெச்சுக்குவாங்க, எங்க தெருவுல ரெண்டு குடும்பம் அப்படித்தான் பண்றாங்க. ஆடு அங்க போயிடுச்சுன்னா அம்மாவுக்கு வீட்ல புடிச்சு வெக்கிற விஷயம் பாதி கொறஞ்சிடும். அப்படியும் முடியலன்னா கயித்த மட்டும் அவுத்து விட்டுட்டு வரச்சொல்லுங்க, கட்டி போட்டது தான் சாகுது, அவுத்து விட்டது எங்கயாவது மேடு புடிச்சு ஏறிக்கும். ஒருவேள செத்துச்சுன்னா போட்டோ எடுத்து விஏஓ கிட்டயும் கால்நடை டாக்டர் கிட்டயும் காட்டாம புதைக்காதீங்க, ஃபெங்கலுக்கு ஆட்டுக்கு 4,000 நிவாரணம் அறிவிச்சாங்க, ஆதாரம் இல்லாதவங்களுக்கு கிடைக்கல.

திருப்பாதிரிப்புலியூர் போற வழிய ஒரு தடவ பாத்துக்கங்க. தென்பெண்ணை ஏறுற அதே நேரம் கெடிலம் ஆறும் ஏறும், ரோட்டுல தண்ணி நின்னா ஆட்டோ வராது. பகல்லயே போயிடணும்.

பாகூர் வாத்தியார்:

ஆட்டோக்காரர் நம்பர் ரெண்டு மூணு அம்மாகிட்ட பேப்பர்ல எழுதி குடுங்க, போன்ல மட்டும் இருந்தா சார்ஜ் போனதும் போச்சு. நீங்க திருப்பூர்ல இருந்து அழைக்க முடியாம போனா பக்கத்து வீட்டு நம்பரும் உங்ககிட்ட இருக்கட்டும். இன்னிக்கு காலைல மட்டம் எவ்ளோன்னு பாத்தீங்க?