மறு: பிராட்லியின் ‘அபரேஷன்’: பிறழ்ச்சி வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

ஒளிவேகக் கட்டுரையில் ஆங்கிலேய வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லியிடம் வந்து சிக்கிக்கொண்டேன். விண்மீன் சற்று விலகித் தெரிவதாக அவர் கண்ட ‘அபரேஷனு’க்கு (aberration) தமிழில் ‘பிறழ்ச்சி’ போதும் என்றது முந்தைய மடல். வில்லையின் குறைக்கு அது பொருந்தும். பிராட்லியின் தொலைநோக்கியில் எதுவும் பிறழவில்லையே!

1725 டிசம்பரில் லண்டனை அடுத்த கியூவில், அவரும் நண்பரும் டிராகோ குழுவின் காமா விண்மீனை நோக்கத் தொடங்கினார்கள். தேடியது இடமாறு தோற்றத்தை, அதாவது பூமி இடம் மாறுவதால் விண்மீன் இடம் மாறியதாகத் தெரிவதை. பூமியின் இடம் காரணமென்றால் அந்த விண்மீன் டிசம்பரிலேயே தெற்கு எல்லையைத் தொட்டிருக்க வேண்டும். அதுவோ மேலும் தெற்கே நகர்ந்து, மார்ச்சில் 20 விகலை (ஒரு விகலை பாகையில் 3600-ல் ஒரு பங்கு) தள்ளிப்போய் நின்றது. மூன்று மாதப் பிசகு. வட்டமாகச் சுற்றும் பொருள் இருக்கும் திசைக்கும் அது போகும் திசைக்கும் இடையே கால் சுற்று வேறுபாடு. ஆண்டில் கால் பங்கு மூன்று மாதம். ஆக, காரணம் பூமி இருக்கும் இடம் அன்று, அதன் ஓட்டம். சொல்லில் அது தெரிய வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

நேராகப் பெய்யும் மழையில் வேகமாக நடந்தால் குடையை முன்னால் சாய்க்கிறோம். ஓடும் பூமியில் விண்மீனின் ஒளியைப் பிடிக்கத் தொலைநோக்கியையும் அப்படியே சாய்க்க வேண்டும். அதை நினைத்து ‘ஒளிச்சாரல்’ என்று எழுதி, அழித்துவிட்டேன். சாரலைக் காற்று தள்ளுகிறது; இங்கே ஓடுவது நாம். ‘செலவு’ என்றால் பயணம் என்ற பழந்தமிழுக்கு ‘செலவுச் சாய்வு’ சரி, இன்றைய மாணவர் பணக்கணக்கு என்று நினைப்பார். என் முன்மொழிவு: நகர்வுச்சாய்வு.

பிராட்லி ஒளிவேகத்தைக் கறந்ததும் அந்தச் சாய்விலிருந்துதான். பூமியைவிட ஒளி 10,210 மடங்கு விரைவு, சூரிய ஒளி இங்கு வர 8 நிமிடம் 12 விநாடி என்றார். இன்றைய கணக்கு 8 நிமிடம் 19 விநாடி!

----

ஐயா, பூமிக்கு ஏற்கெனவே அச்சுச் சாய்வு இருக்கிறது. ‘நகர்வுச்சாய்வு’ என்றதும் நகரும் பூமிதான் சாய்கிறது என்று வகுப்பில் எழுதுவார்கள். நான் திருத்திய விடைத்தாள்கள் சாட்சி. சாய்வது விண்மீனின் தோற்றம் அல்லவா? ‘இடமாறு தோற்றம்’ போல ‘நகர்வுசாய் தோற்றம்’ என்றால் என்ன?

----

நீளம்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் ஒன்று இடத்தால், மற்றது நகர்வால் என்பது விளக்கமின்றியே தெரிந்துவிடுகிறது. ஏற்கிறேன். ‘நகர்வுச்சாய்வு’ என்பதைக் கோணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதிகபட்சச் சாய்வான 20.5 விகலைக்கு ஒரு பெயர் வேண்டுமே.