புதுப்பிப்பு: மழையில் மாட்டிய மலையேற்றம்

பாதி மலையில் பேய்மழை, கூடாரக் கம்பி முறிவு, நண்பனுக்குக் கடும் நடுக்கம் என்று முன்பு எழுதியிருந்தேன். எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டோம்.

நண்பனைப் பற்றித்தான் பலரும் கேட்டீர்கள். முதலில் ஈர உடையைக் கழற்றினோம். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துவிடும். அப்புறம் உலர்ந்த கம்பளி, உறக்கப்பை, அடியில் காலிப் பைகள். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம் நின்று பேச்சு குழறினால் இன்னும் மோசம். இவன் நடுங்கிக்கொண்டே எங்களைத் தெளிவாகத் திட்டினான், அதுவே தைரியம் தந்தது.

சூடேற மது கொடுக்கச் சொன்னவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியேற்றும்.

கம்பியா? குச்சி வைத்துக் கட்டினோம், விடியும்வரை கோணலாக நின்றது. உச்சிக்குப் போகவில்லை, வந்த வழியே இறங்கினோம்.