ஒரே பக்கம் சுழலும் ரெண்டு கருந்துளை ஏன் லேட்டா சேருது? ப்ரோகிராம்ல தப்பா?

தண்டையார்பேட்டை மாணவன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு கருந்துளை ஒன்னையொன்னு சுத்துறதை பைத்தான்ல போட்டிருக்கேன். போஸ்ட்-நியூட்டோனியன் சமன்பாடு (நியூட்டன் விதி மேல ஐன்ஸ்டைன் திருத்தங்களை வரிசை வரிசையா சேர்க்கிற தோராயம்), சம நிறை, ரெண்டுக்கும் ஸ்பின், அதாவது சுழற்சி, 0.8 (உச்சம் 1), ரெண்டும் சுற்றுப்பாதை அச்சைப் பார்த்து மேலே. ஸ்பின் இல்லாத ஜோடியை விட இது ரொம்ப நேரம் சுத்துது. ரெண்டையும் கீழே திருப்பினா சட்டுனு விழுந்துடுது. இயற்பியலாளர் ராபர்ட் வால்டு 1972ல காட்டினபடி, பக்கத்துப் பக்கத்துல ஒரே திசையில சுழல்ற ரெண்டும் ஈர்க்கணும், காந்தத்துக்கு நேர் எதிர். அப்போ சீக்கிரம்தானே சேரணும்? ப்ளஸ் மைனஸ் எங்கயாவது மாறியிருக்கான்னு வரி வரியா பார்த்துட்டேன். வியாழக்கிழமை ரிவ்யூ, யாராவது சொல்லுங்களேன்.

பெரம்பூர் அக்கா:
தம்பி, ப்ளஸ் மைனஸ்ல கை வைக்காதீங்க, ரிசல்ட் சரிதான். ஒன்னு கவனிங்க. ரெண்டு ஸ்பினையும் சேர்த்துத் திருப்பினா அவற்றோட பெருக்கல் மாறவே மாறாது. மேலே-மேலேயும் கீழே-கீழேயும் ஸ்பின்-ஸ்பின் விசைக்கு ஒன்னுதான். அப்போ நீங்க பார்க்கிற வித்தியாசம் அதுல இருந்து வரவே முடியாது. அது ஸ்பினுக்கும் சுற்றுப்பாதைக்கும் நடுவுல இருக்கிற விசை. சுழல்ற கருந்துளை தன்னைச் சுத்தி இருக்கிற வெளியையே இழுத்துக்கிட்டுச் சுத்தும். அதே திசையில சுத்தி வர்ற துணைக்கு வெளிப்பக்கமா ஒரு தள்ளு கிடைக்கும், எதிர்த்திசைன்னா உள்பக்கமா. இது போஸ்ட்-நியூட்டோனியன்ல 1.5 வரிசை; வரிசை எண் கூடக் கூடத் திருத்தம் சின்னதாகும். வால்டு சொன்ன ஈர்ப்பு 2ஆம் வரிசை. அதுவும் உண்மைதான், ஆனா இந்தத் தூரத்துல பல மடங்கு சின்னது.

2006லயே காம்பனெல்லி, லூஸ்டோ, ஸ்லோகோவர் மூணு பேரும் ஐன்ஸ்டைன் சமன்பாட்டை முழுசா கம்ப்யூட்டர்ல தீர்த்து இதைப் பார்த்துட்டாங்க. ஸ்பின் சுமார் 0.76. மேலே இருந்த ஜோடி மூணு சுத்து சுத்திட்டுச் சேர்ந்தது, கீழே இருந்த ஜோடி ஒரு சுத்து கூட முடிக்கலை. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே இதுக்கு அடுத்த விஷயம்தான்: சேர்ந்து வர்ற கருந்துளையோட ஸ்பின் 1ஐத் தாண்டக்கூடாது, அதனால மிச்சக் கோண உந்தத்தை ஈர்ப்பு அலையா கொட்டித் தீர்க்கவும் அவகாசம் வேணும்.

ஸ்பின்-ஸ்பின்னை மட்டும் தனியா பார்க்கணும்னா ஒன்னை மேலே, ஒன்னைக் கீழே வைங்க. சம நிறைங்கிறதால சுற்றுப்பாதைப் பங்கு ரெண்டும் அடிபட்டுப் போகும்.

தண்டையார்பேட்டை மாணவன்:
அக்கா, போட்டுப் பார்த்தேன்! ஸ்பின் இல்லாத ஜோடியை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் சுத்துது. எதிரெதிர் ஸ்பின் பக்கத்துல தள்ளுதுன்னு எடுத்துக்கலாமா?

எண்ணூர்க்காரன்:
தள்ளுறது சரி தம்பி, ஆனா இன்னொரு உறுப்பும் இருக்கு, அதைச் சேர்த்தீங்களா? சுழல்ற கருந்துளை நடுவுல உப்பும். அதனால நடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் கூடும். அந்த நான்முனை (உப்பின வடிவத்தால வர்ற) உறுப்பும் அதே 2ஆம் வரிசைதான், ஸ்பினோட வர்க்கத்துல வரும். அதை விட்டுட்டு ஸ்பின்-ஸ்பின்னை மட்டும் வெச்சா கணக்கு அரைகுறை. ரிவ்யூல முதல் கேள்வியே இதுவா இருக்கலாம்.

இன்னொன்னு, தூரம் மொத்த நிறையோட ஆறு மடங்குக்கு (G, c ரெண்டும் 1ன்னு வெச்ச அலகுல) வந்ததும் ப்ரோகிராமை நிறுத்திடுங்க. அதுக்கு உள்ளே இந்தத் தோராயத்தை நம்ப முடியாது.

தண்டையார்பேட்டை மாணவன்:
சேர்த்துட்டேன் அண்ணா. மேலே-கீழே ஜோடியோட வளைகோடு இப்போ ஸ்பின் இல்லாத வளைகோட்டு மேலயே கிட்டத்தட்ட உட்கார்ந்துடுச்சு.

பெரம்பூர் அக்கா:
அப்படித்தான் வரணும். சம நிறைக்கு அந்த வரிசையில மொத்த ஸ்பின்தான் வேலை செய்யும், உங்க ஜோடிக்கு அது பூஜ்யம். நாலு வளைகோட்டையும் ஒரே படத்துல போட்டுக் காட்டுங்க.