கிரீம் சீஸுக்குப் பதிலாகத் தயிர்: கேக் மேற்பூச்சு ஏன் வழிந்தோடுகிறது?

கேள்வி (தலவாக்கலை)

மகளின் பிறந்தநாளுக்குக் கேரட் கேக் செய்தேன். மேலே பூசுவதற்குக் கிரீம் சீஸ் எங்கள் நகரக் கடைகளில் கிடைக்கவில்லை. ஆகவே சட்டித் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, ஐசிங் சீனியைச் சேர்த்து அடித்துப் பூசினேன். பூசும்போது நன்றாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்திற்குள் ஓரங்களில் வழியத் தொடங்கி, தட்டைச் சுற்றி வெள்ளை நீர் தேங்கிவிட்டது. சீனி கூடினால் இறுகும் என்று நினைத்து மிச்சத்தில் இன்னும் சேர்த்தேன். அது மேலும் இளகியது. இதற்கு முன்னர் தாளில் சுற்றி வரும் முக்கோணச் சீஸை முயன்று பார்த்தபோது, உப்புச் சுவையால் பிள்ளைகள் தொடவே இல்லை. நத்தாருக்கு ஒவனில் சுடும் சீஸ்கேக் செய்ய ஆசைப்படுகிறேன். இங்கே கிடைக்கும் பொருட்களை வைத்தே செய்ய வழி உண்டா?

மறுமொழி (பண்டாரவளை)

அக்கா, இரண்டு மணி நேரம் போதவே போதாது. சட்டியில் கெட்டியாகத் தெரியும் தயிரிலும் பெரும்பகுதி நீர்தான். கிரீம் சீஸில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கும்; எருமைப் பாலில் அது 7 சதவீதம் அளவிலும், பசும்பாலில் 4 சதவீதம் அளவிலும்தான் இருக்கிறது. தயிரில் மிஞ்சிய நீரில் சீனி கரைந்து பாகாகிவிடுவதால்தான், நீங்கள் சேர்க்கச் சேர்க்க இளகிக்கொண்டே போயிருக்கிறது. ஆகவே நீரை வடிய வைக்க வேண்டும், குறைகின்ற கொழுப்பைப் பட்டராகக் கொடுக்க வேண்டும்.

நான் தயிரைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, மேலே சிறு தட்டும் பாரமும் ஏற்றி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் விட்டுவிடுவேன். வெளியே தொங்கவிட்டால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். காலையில் பார்த்தால் 1 கிலோ தயிர் பாதியளவாகியிருக்கும். கத்தியால் வெட்டினால் வெட்டிய விளிம்பு சரியாமல் நிற்க வேண்டும், அதுவே பதம். பிறகு 100 கிராம் உப்பில்லாத பட்டரையும் 150 கிராம் ஐசிங் சீனியையும் முதலில் நன்றாக அடித்துவிட்டு, 200 கிராம் வடித்த தயிரைக் கரண்டி கரண்டியாகக் கடைசியில் கலந்துகொள்ளுங்கள். தயிரைச் சேர்த்த பின் அதிக நேரம் அடிக்கக் கூடாது. கேக் முற்றாக ஆறிய பின்பே பூச வேண்டும்.

மறுமொழி (ராகலை)

மேற்பூச்சுக்கு இது சரி. சீஸ்கேக்கிற்குத் தயிரை மட்டும் நம்பினால் புளிப்புத் தூக்கலாக நிற்கும் என்பது என் அனுபவம். நான் பாதித் தயிரும் பாதிப் பனீருமாகச் சேர்க்கிறேன். கொழுப்பு எடுக்காத பசும்பால் 1 லீட்டரைப் பொங்கவிட்டு அடுப்பை அணைத்து, 2 மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றினால், பால் திரிந்து பச்சை சாயலுடைய தெளிந்த நீர் பிரியும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, ஆனாலும் பால் திரிவதற்கு அந்தச் சூடு தாராளமாகப் போதும். வடித்து எடுத்தால் 150 முதல் 200 கிராம் வரை கிடைக்கும்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். பனீரை ஆறவிட்டு அரைத்தால் மணல் போல நறநறக்கும். இளஞ்சூட்டிலேயே இரண்டு கரண்டி பட்டருடன் பிளெண்டரில் இட்டு, விரல்களுக்கிடையில் தேய்த்தால் குருணை தட்டாத வரை அரையுங்கள். இத்தாலியர்களின் ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸுக்கு இது நெருங்கி வரும். இதையும் தயிரையும் சேர்த்து 400 கிராமுக்கு 2 முட்டை, 1 மேசைக்கரண்டி சோள மா, சுவைக்குச் சீனி என்று கலந்து, சுடுநீர்த் தட்டில் பாத்திரத்தை வைத்து, 150 அல்லது 160 பாகையில் மெதுவாகச் சுட வேண்டும். ஓரம் இறுகி நடுப்பகுதி இன்னும் இலேசாக ஆடும்போதே ஒவனை அணைத்துவிடுங்கள். முட்டை மிஞ்சி வெந்தால்தான் மேற்பரப்பு வெடிக்கிறது. பிரிந்த நீரைக் கொட்டாமல் ரொட்டி மா பிசையுங்கள், ரொட்டி மிருதுவாக வரும்.

மறுமொழி (ஹட்டன்)

முக்கோணச் சீஸைப் பற்றி ஒரு சொல். சீஸிலுள்ள கொழுப்பும் நீரும் பிரியாமல் சேர்ந்திருப்பதற்காக அதில் சில உப்புகளைச் சேர்த்தே தயாரிக்கிறார்கள். ஆகவே இனிப்பு வகைகளுக்கு அது ஒவ்வாது. வெள்ளைச் சோஸிலோ மசித்த உருளைக்கிழங்கிலோ கரைத்துப் பாருங்கள், கட்டி தட்டாமல் அழகாக உருகும். அப்போது தனியாக உப்புப் போட வேண்டாம். மேற்பூச்சில் பட்டருக்குப் பதிலாக டப்பாவில் வரும் மென்மையான மாஜரினைச் சேர்க்க நினைத்தாலும் கவனம் தேவை. பட்டரில் 80 சதவீதம் கொழுப்பு; அத்தகைய மாஜரின்கள் பலவற்றில் நீர் கூடுதலாக இருப்பதால், மீண்டும் வழிந்துவிடும்.

கேள்வி கேட்டவர் (தலவாக்கலை)

அனைவருக்கும் நன்றி. நேற்றுச் சிறிய அளவில் மேற்பூச்சைச் செய்து பார்த்தேன். வழியவில்லை, ஆனால் தயிரைச் சேர்த்தவுடன் கடுகளவு கட்டிகள் கலவை முழுவதும் தோன்றிவிட்டன. பட்டரை அடுப்படியில் வைத்துத்தான் இளக்கினேன்.

மறுமொழி (பண்டாரவளை)

அது என் தவறு அக்கா, சொல்லாமல் விட்டுவிட்டேன். தயிர் குளிராகச் சேர்ந்ததால், இளகியிருந்த பட்டர் மீண்டும் உறைந்து துணுக்குகளாகியிருக்கிறது. நம் பக்கத்துக் குளிரில் அரை மணி நேரம் வெளியே வைத்தாலும் தயிரின் குளிர் போகாது. பட்டரை வைத்த அதே அடுப்படியில் தயிரையும் சற்று நேரம் வைத்துவிட்டுக் கலவுங்கள். இப்போது கையில் இருப்பதைக் கொட்ட வேண்டாம். பாத்திரத்தின் அடியை இளஞ்சூட்டு நீரில் ஒரு நிமிடம் மட்டும் வைத்து, ஓரம் பளபளக்கத் தொடங்கியதும் எடுத்து மெதுவாகக் கலக்கினால் கட்டிகள் கரைந்துவிடும்.