விடைத்தாள் நகலில் திருத்தப்படாத பக்கங்கள்: மறுகூட்டலா, மறுமதிப்பீடா?

கேள்வி: இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படிக்கிறேன். அகமதிப்பீட்டில் நல்ல மதிப்பெண் இருந்தும், வெப்ப இயக்கவியல் பருவத் தேர்வில் தேர்ச்சிக்குச் சில மதிப்பெண்கள் குறைந்து அரியர் விழுந்துவிட்டது. கட்டணம் செலுத்தி விடைத்தாள் நகலை வாங்கினேன். 13 மதிப்பெண் வினா ஒன்றைப் பாதியில் நிறுத்தி, வேறொரு வினாவை எழுதிய பின், கடைசிப் பக்கங்களில் வினா எண்ணுடன் 'தொடர்ச்சி' என்று குறிப்பிட்டு முடித்திருந்தேன். அந்தப் பக்கங்களில் திருத்தியதற்கான அடையாளமே இல்லை. இன்னொரு கணக்கை நீராவி அட்டவணைக்குப் பதிலாக, நீராவியின் பண்புகளைக் கோடுகளாகக் காட்டும் மோலியர் வரைபடத்தைக் கொண்டு தீர்த்திருந்தேன்; அதற்குப் பாதிக்கும் குறைவாகவே கிடைத்திருக்கிறது. "அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம்" என்கிறார் துறைத் தலைவர். சீனியர் ஒருவரோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடச் சொல்கிறார். எதை முதலில் செய்வது?

பதில்: மதிப்பீட்டு முகாம்களில் பணியாற்றிய பேராசிரியர்

அம்மா, நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே வகைக் குறை அல்ல. ஒரே மனுவில் எழுதினாலும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

முதலாவது, விடை திருத்தப்படாமலே விடுபட்டது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. நகலின் முகப்பில் வினாவாரியாக மதிப்பெண் இடும் கட்டத்தைப் பாருங்கள். அந்த வினாவுக்கு எதிரே இருப்பது முதல் பாதிக்கு மட்டும் இட்ட மதிப்பெண்ணாக இருந்தால், வினா எண், தொடர்ச்சி தொடங்கும் பக்க எண், கட்டத்தில் உள்ள மதிப்பெண் ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். விடுபட்ட விடையைச் சில பல்கலைக்கழகங்கள் மறுகூட்டலில் சேர்க்கின்றன. சில, மறுமதிப்பீட்டில்தான் பார்க்கின்றன. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறிவிப்பில் அது இருக்கும். தெளிவில்லை என்றால் மறுமதிப்பீட்டுக்கே விண்ணப்பியுங்கள், ஏனெனில் வெறும் கூட்டலைச் சரிபார்ப்பதோடு நின்றுவிட்டால் உங்களுக்குப் பயனில்லை.

இரண்டாவது, மதிப்பீட்டாளரின் தீர்ப்பைப் பற்றியது, இதுதான் கடினம். வரைபடத்திலிருந்து கண்ணால் படிக்கும் வெப்ப அடக்க மதிப்பு, அட்டவணை மதிப்பிலிருந்து சற்று விலகத்தான் செய்யும். அந்த விலகலால் இறுதி விடை மாறியதைத் தவறென்று கொண்டிருக்கலாம். ஆகவே அட்டவணை மதிப்புகளைக் கொண்டு அதே கணக்கை மறுபடி தீர்த்து, இரு விடைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டி, வினாவில் குறிப்பிட்ட முறை எதுவும் கேட்கப்படவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரின் குறிப்பையும் இணையுங்கள். அப்படி ஒரு பரிந்துரை இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்காத இடங்களும் உண்டு. எவ்வளவு உழைத்தீர்கள், தோழிக்கு எவ்வளவு வந்தது என்பவற்றை எழுத வேண்டாம். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைச் சான்றாகக் காட்டுவதும் வீண்.

பதில்: வழக்கறிஞர்

பேராசிரியர் சொன்னதோடு உடன்படுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நல்ல கருவிதான். தேர்வெழுதியவர் தம் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் அச்சட்டப்படி உரிமையுள்ளவர் என்று 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்தியவரின் பெயரை மட்டும் பெற முடியாது. ஆனால் நகல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மனுவுக்குப் பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. மறுமதிப்பீட்டுக்கான கடைசி நாள் அதுவரை காத்திருக்காது. எனவே இந்த நிலையில் அது உங்களைத் தாமதப்படுத்தவே செய்யும்.

கேள்வி கேட்ட மாணவி

மிக்க நன்றி. மறுமதிப்பீட்டிலும் 'மாற்றம் இல்லை' என்று வந்துவிட்டால் என்ன செய்வது, ஐயா?

பதில்: வழக்கறிஞர்

பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள், மதிப்பீட்டில் நடக்கும் நியாயமற்ற நடைமுறைகளையும் குறைகளில் ஒன்றாகவே கருதுகின்றன. மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையிடலாம். அங்கே திருத்தப்படாத பக்கங்களை முன்னிறுத்துங்கள், மோலியர் கணக்கை அல்ல. நீதிமன்றங்களும் தாமே விடைத்தாளைத் திருத்த முன்வருவதில்லை. ஐயம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்தியவருக்கே என்று 2017-இல் ரண் விஜய் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

பதில்: மதிப்பீட்டு முகாம்களில் பணியாற்றிய பேராசிரியர்

ஒன்றை விட்டுவிட்டேன். மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அரியர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தும் நாள் கடந்துபோகக்கூடும். மறுமதிப்பீட்டில் தேர்ச்சி கிடைக்கும் என்று நம்பினாலும் கட்டணத்தைச் செலுத்திப் பதிவு செய்துவிடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் அலுவலக முத்திரையுடன் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.